வலப்பக்கம்

அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்
அந்தத் துப்பாக்கியோடு நடந்திருக்கிறேன்.
கணக்கு நான் வைத்ததல்ல,
விளையாட்டே வைத்திருக்கிறது.
சாம்பல் மழை, இடிந்த துறைமுகம்,
திரையின் வலது ஓரத்தில்
எப்போதும் அதன் இடப்பக்கம்.

வலப்பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.
இது உறைத்தது பிப்ரவரியில், டுலூத்தில்.
வெளியே மைனஸ் இருபத்தாறு,
ஏரி கரையிலிருந்து கண்ணெட்டும் வரை கல்.
கராஜில் ஒரு ஹீட்டர்,
தவணையில் வாங்கிய செதுக்கு இயந்திரம்,
நான்கு மூலையிலும் இறுக்கிய எம்.டி.எஃப் பலகை.

பகலில் நான் பல் செய்கிறவள்.
ஆய்வகத்து இயந்திரம்
முகம் தெரியாத ஒருவரின் கடைவாய்ப் பல்லை
சிர்கோனியாவில் கடைந்து தரும்.
மயிரிழை பிசகினால்
அவர் ரொட்டி கடிக்கும்போது முகம் சுளிப்பார்.
இரவில் இது.
இதில் பிசகினால் யாருக்கும் வலிக்காது.
அதனால்தானோ என்னவோ
முதல் வாரமே பெரிதாய்ப் பிசகினேன்.

நாலரை மணி நேரம் கட்டர் சுழன்றது.
காப்பிக் கோப்பையில்
மரத்தூள் ஆடை கட்டியது.
இரண்டு பாதிகளையும் பெயர்த்தெடுத்துச்
சேர்த்துப் பார்த்தால்
இரண்டும் இடது.
இரண்டு இடக்கால் பூட்ஸோடு
கடைவாசலில் நிற்பவள்போல நின்றேன்.

கணினியில் திருப்பிப் போட்டால் தீர்ந்தது,
ஒரே பொத்தான்.
ஆனால் வலது என்பது
இடதின் நிழல்தானா?
விளையாட்டின் கோப்பைக் குடைந்து பார்த்தேன்.
அந்தப் பக்கத்தை யாரும் மூடவேயில்லை.
ஆளில்லாத இடத்துக்கு எதற்குச் சுவர் என்று
வரைந்தவர்கள் அப்படியே விட்டிருக்கிறார்கள்.
அத்தனை நாளும்
ஒரு பாதி ஓட்டைத்தான் ஏந்தித் திரிந்தேன்,
ஒரு நகரத்தையே காப்பாற்றினேன்.

சனிக்கிழமை ஆரின் வந்தான்,
பனி தள்ளும் இயந்திரத்தை இரவல் கேட்டு.
என் தம்பி. நவம்பர் முழுக்க
மானுக்காகக் காட்டில் குந்தியிருப்பவன்.
நான் நிஜத்தில் ஒரு தோட்டாவும் சுட்டதில்லை.
"டோவா, இதென்ன பொம்மை" என்று சிரித்துக்கொண்டே
திருப்பிப் போட்டு ஒட்டிய புதுச் சோடியை எடுத்தான்.
எடுத்த கணமே சிரிப்பு நின்றது.
குழல் தானாகத் தரையைப் பார்த்தது.
ஆள்காட்டி விரல் விசையைத் தொடாமல்
நீண்டு ஒதுங்கியது.
கட்டைவிரல் மட்டும் வலப்பக்கத்தில்
எதையோ தேடித் தடவியது.
அங்கே வெறும் பலகை.
மறுபடி தடவினான்.

"காலியா என்று எப்படிப் பார்ப்பது?"
"ஆரின், அது மரம்."
"தெரியும்."
தெரிந்தும் தடவினான்.

அவன் போனபின் அந்தப் பாதியைப் பிய்த்தெறிந்துவிட்டு
வலப்பக்கத்தைப் புதிதாய் வரைந்தேன்.
ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சின்ன ஜன்னல்.
உள்ளே ஒன்றும் இல்லை
என்று காட்ட மட்டும்.
விடியற்காலை மூன்றே காலுக்கு
கட்டர் அந்த இன்மையை
இரண்டு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டராய்
இறங்கிச் செதுக்கியது.

பிறகு பசை, பட்டுத்தாள், பிரைமர்,
விளிம்புகளில் வெள்ளி தேய்த்து
நடக்காத போர்களின் தேய்மானம்.
குழல்முனைக்கு மட்டும்
பளீரென்று ஆரஞ்சு. அதைக் கேட்பது சட்டம்.
அந்த நிறம் பிடிக்கவில்லை எனக்கு,
இரண்டு பூச்சு பூசினேன்.

ஏப்ரலில் மினியாபொலிஸ், விழா அரங்கு.
ஆயுதச் சோதனை மேசையில்
நாடா கட்டிவிட்டாள் ஒரு தன்னார்வலர்.
வரிசையில் எனக்குப் பின்னால்
அதே விளையாட்டின் உடுப்பில்
பதினொரு வயதுப் பையன் ஒருவன்,
அட்டைக் கவசம், மூக்கில் சளி.
"இந்தப் பக்கம் தப்பு" என்றான்.
"சரி எப்படி இருக்கும்?"

யோசித்தான்.
கண்ணை மூடிக்கொண்டு
துறைமுகம் வரை போய்த் தேடுவது தெரிந்தது.
வரிசை முன்னே நகர்ந்துவிட்டது.
பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள்.
அவன் இன்னும் கண் திறக்கவில்லை.