ஆணி அடிக்கக் கூடாது

லிங்கராஜபுரத்தில் இரண்டாம் மாடி.
முன்பணத்தை எச்சில் தொட்டு எண்ணி
சாவியைத் தரும்போது
நாகரத்னம்மா ஒன்றுதான் சொன்னார்:
"மொளெ ஹொடீபேடி."
தலையாட்டினேன்.
எனக்குப் புரியாதது போல
எபினேசர் அதைத் தமிழில் இன்னொரு முறை சொன்னார்.

முட்டையோட்டின் உள்பக்கம் போல்
வெள்ளைச் சுவர்.
தொங்க வேண்டியவையோ
கடிகாரம், காலண்டர்,
ஜோயலின் பை, என் குடை,
கல்யாணத்தன்று போதகர் தந்த
வேப்பமரச் சிலுவை.
ஆணி இல்லாமல் சிலுவைக்கு எங்கே போவது
என்று எபினேசர் கேட்டார்.
கேட்டது என்னவென்று அவருக்கே உறைத்து
இருவரும் சிரித்துவிட்டோம்.
பிறகு சிரிக்கவில்லை.

முதல் வாரம் எல்லாம் தரையில் கிடந்தன.
மணி பார்க்கக் குனிந்தோம்.
தேதி பார்க்க மண்டியிட்டோம்.

இரண்டாம் வாரம்
ஆஸ்பத்திரி பில் கவுண்டரில்
குப்பைக்குப் போகும் ரப்பர் பேண்டுகளை
நாளுக்கு நாலாகச் சேர்த்தேன்.
ஜன்னல் கம்பியில் பை.
பரண் விளிம்பில் குடை.
பழைய குக்கர் கேஸ்கெட்டைப் பிளந்து வாராக்கி
ஃபியூஸ் பெட்டியின் கைப்பிடியில் கடிகாரம்.
காலண்டருக்குக் கதவின் கொண்டி;
சாத்தும்போதெல்லாம்
மாதம் முழுவதும் படபடக்கும்.

முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன்.
நன்றாயிருந்தது என்று சொல்ல மாட்டேன்.
இருந்தது.
அன்று சாயந்தரம் அதுவே போதுமாயிருந்தது.

ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்குவது
அவருடைய வேலை.
எனக்கு ஒருநாளும் அவர்
முழு ஒன்றுமில்லாமையைத் தந்ததில்லை.
மாதக் கடைசியில்கூட
அரை மூடித் தேங்காய்,
வாடிய கேரட், ஒரு கை ரவை,
கேஸ் தீருமுன்
பத்து நிமிட நீல நெருப்பு.
அதில் ஏதோ ஒன்றைக் கிண்டி
ஜோயலின் டப்பாவில் அனுப்பினேன்.
"அம்மா, அதுக்கு என்ன பேரு?
கிளாஸ்ல எல்லாரும் கேட்டாங்க."
பேர் வைப்பது உன் வேலை, என்றேன்.
தோட்டத்தில் மிருகங்களை நிறுத்தி
அந்த முதல் ஆளிடம் விட்டது போல.
கொஞ்சம் யோசித்து
"ரவுடி உப்புமா" என்றான்.
இன்றுவரை அதற்கு அதுதான் பேர்.

சிலுவை மட்டும் மிச்சம்.
ரப்பரில் கட்ட மனம் வரவில்லை.
நாகரத்னம்மாவே பதித்த
திரைச்சீலைக் கம்பியில்
பட்டம் விடும் நூலால் தொங்கவிட்டேன்.
மின்விசிறி சுழன்றால் மெல்லத் திரும்பும்.
சில நேரம் எங்களைப் பார்க்கும்.
சில நேரம் தெருவை:
எதிர் பேக்கரி,
ஒர்க்‌ஷாப் வாசலில்
குடல் கழற்றிப் போட்ட ஆட்டோ,
மேம்பாலத்துக்கு அடியில் நகராத பஸ்.
"நேரா நிக்க மாட்டேங்குதே" என்றார் எபினேசர்.
நிற்காவிட்டால் என்ன.
அவருக்கும் ஊர் சுற்றித்தான் பழக்கம்.

பிறக்க யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டில்,
பேச ஒருவன் படகு,
கிடக்க ஒருவன் கல்லறை,
அதையும் மூன்றாம் நாளே
துணிகளை மடித்து வைத்துவிட்டுக்
காலி செய்து கொடுத்தவர்.
வாடகை வீட்டின் விதிகள் அவருக்குத் தெரியும்.
தச்சர் வேறு.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை
ஒட்டடை அடிக்கையில்
அலமாரிக்குப் பின்னால்
விரலில் தட்டுப்பட்டது ஓர் ஓட்டை.
முன்னிருந்தவர் அடித்த ஆணி.
பிடுங்கி, பற்பசை அடைத்து,
மேலே சாக்பீஸ் தேய்த்திருக்கிறார்.
கைதேர்ந்த ஆள்.
எதை மாட்டினாரோ,
யாருடைய படமோ, எந்தச் சாமியோ,
வெறும் சட்டையோ.
உலர்ந்த பற்பசை உதிர்ந்தது.
சுண்டுவிரல் நுனி
அதில் சரியாகப் பொருந்தியது.
எடுக்கத் தோன்றாமல்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
கீழ்வீட்டுக் குக்கர்
மூன்றாவது விசில் வைத்தது.

மூட வேண்டும்.
எங்கள் பற்பசை பச்சை.
வெள்ளையாய் வேண்டும் இதற்கு.
கொஞ்சம் ரங்கோலிப் பொடி கிடைக்குமா என்று
நாகரத்னம்மாவிடமே கேட்கலாம்.
எதற்கு என்று கேட்டால்
அப்போது பார்த்துக்கொள்ளலாம்.