வைக்கோல் பற்றிய குறிப்பு

மேசைவிரிப்பின் அடியில் எதற்கு வைக்கோல் என்று கேட்டேன்.
உர்ஷுலே மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு
"மாட்டுத் தொழுவத்தில் பிறந்தாரல்லவா, சாமி" என்றாள்,
பதிலையும் முன்கூட்டியே அவித்து வைத்திருந்தவள்போல்.

ஜெமைதியாவுக்கு நான் வந்து மூன்றாவது பனிக்காலம்.
பகல் என்பது இங்கே
கதவைத் திறந்து மூடும் நேரம்.

பன்னிரண்டு பண்டங்கள். பால் இல்லை, இறைச்சி இல்லை.
"சீடர்கள் பன்னிருவர்" என்றாள், நான் கேட்காமலே.
அடுப்பருகே அவள் கொழுந்தன் சிரித்தான்:
"என் சிறுவயதில் ஒன்பதுதான்."

ஒரு தட்டு காலி. அதன் முன்னே மெழுகுவர்த்தி.
அது யாருக்கென்று கேட்கவில்லை.
அறுவடைக்கு முன் அவள் மகனைப் புதைத்தவன் நான்.

பிறகு விரிப்புக்கடியில் விரல் நுழைத்து
ஆளுக்கொரு வைக்கோல் தாள் உருவினார்கள்.
நீளமாக வந்தால் நீண்ட ஆயுள்.
பாவம் என்று சொல்ல வாய் திறந்தேன்;
என் விரல்களும் அங்கேதான் இருந்தன.

இரவு ஆயருக்கு எழுத உட்கார்ந்தேன்:
'இவ்வூரார் தொழுவத்தின் நினைவாக வைக்கோல் பரப்புகிறார்கள்.'
அடித்தல் திருத்தல் இல்லாத வரி.

மை காயுமுன்
பனியில் இறங்கி அந்த வீட்டுக்கே திரும்பினேன்,
இன்னொரு தட்டு கேட்டு,
க்ராக்கோவில் இறந்த என் தம்பிக்கு.