சூலிட்

சிவப்பு மையில் மூன்று பக்கத்திலும் குத்தினேன்:
சூலிட்.
மலாயில் அதற்கு ரகசியம் என்று பொருள்.
கடினம் என்றும் பொருள்.
பதினோரு வருடமாகக் குத்துகிறேன்,
இன்றுதான் இரண்டாவது அர்த்தம் மணிக்கட்டில் வலித்தது.

பெயர் வந்த இடமெல்லாம் கறுப்பு மார்க்கர்.
ஐசி எண், கைபேசி, பட்டர்வொர்த் முகவரி.
ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்தால்
மைக்குள்ளிருந்து எழுத்துகள் எழுந்து நிற்கின்றன.
நகலெடுத்து, நகலின்மேல் பூசி,
மறுபடி நகலெடுத்தேன்.
முடிந்தது என்றபோது
இரண்டாம் பத்தியில் ஒரு வரி:
'வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்.
ஆய்வுக்கூடம் பூட்டுவது என் பொறுப்பு.'

இதை எந்த மையால் மறைப்பது?
வரியை எடுத்தால்
பூட்டிய கதவுக்குள் நடந்ததும் சேர்ந்து போய்விடும்.
புவான் ரொஹானா நெடுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
"நாம யாரு முடிவு பண்ண? அவளையே கேளு."

கேட்டேன்.
போனில் முதலில் மோட்டார்சைக்கிள் சத்தம், பிறகு மூச்சு.
"இருக்கட்டும்க்கா.
வீட்டுக்கு மட்டும் கடிதம் வராதுல்ல?"

மதியம் கணக்குப் பிரிவு வத்சலா
கரிபாப் பொட்டலத்தோடு வந்தாள்.
"யாரோ ஒரு லெக்சரர்மேல புகாராமே,
குடுத்தது நம்ம பொண்ணா?"
நம்ம.
எவ்வளவு இதமான சொல்.
எத்தனை பூட்டுக்குப் பொருந்துகிற சாவி.
ஃபைலின்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு
"உருளைக்கிழங்கா, சார்டினா?" என்றேன்.

ஆறரை மணி ஃபெரியில்
எனக்கு எதிர் இருக்கையில் அவள்.
பக்கத்தில் அவள் அம்மா,
மடியில் மருத்துவமனை எக்ஸ்ரே உறை.
கழுத்து அட்டையை நான் பைக்குள் தள்ளுமுன்
அந்தம்மா படித்துவிட்டார்.
"அட, அந்தக் காலேஜா! எம் மகளும் அங்கதான்.
பார்த்திருப்பீங்களே இவள?"

அவள் கடலைப் பார்த்தாள்.
மிதவை ஒன்று நகர்ந்து போனது.

"இல்லம்மா, பெரிய காலேஜு" என்றேன்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
பொய்க்கு ஒரு கால் போதாது என்று தோன்றி
"பேரென்ன தங்கச்சி?" என்றும் கேட்டேன்.

அவள் திரும்பினாள்.
காலையில் நான் பதினான்கு இடத்தில் கொன்ற பெயரை
அப்பா பெயரோடு சேர்த்து, முழுதாக,
இன்ஜின் சத்தத்துக்கு மேலே
உரக்கச் சொன்னாள்.

முதல்முறை கேட்பவள்போல்
கேட்டுக்கொண்டேன்.