சாட்சிக் கட்டை

லெமுவேல் கிராடக்குக்கு முதல் வழக்கில் கிடைத்த கூலி
ஒரு பன்றி.
வாபாஷ் ஆற்றைக் கடக்கும்போது
அதுவும் நீந்திப் போய்விட்டது.
மறுகரையில் உட்கார்ந்து சிரித்தார்.
சேணப்பையில் நனைந்த சட்டப் புத்தகம் இரண்டையும்
நெருப்பருகே பக்கம் பக்கமாய்ப்
புரட்டச் சொன்னார் என்னை.
எழுத்தர் வேலை எனக்கு அப்படித்தான் தொடங்கியது.

நீதிமன்றம் என்பது சாராயக் கடையின் பின்கட்டு.
நீதிபதிக்கு நாற்காலி. ஜூரிக்கு மரத்துண்டு.
எதிர்க்கட்சிக்காரன் மூக்கை உடைக்காதிருப்பது
வாதத்தின் இலக்கணம்.

பிறகு வந்தது ப்ரூயிட்டின் இருநூறு ஏக்கர்.
மூன்று வெட்டு விழுந்த ஓக் மரமே எல்லை
என்றது பத்திரம்.
மரமோ தழும்பை மூடி வளர்ந்திருந்தது.
கிராடக் கோடரி கேட்டார்.
அந்தப் பக்கத்தை மட்டும் பிளந்தெடுத்து
ஜூரியின் மடியில் கிடத்தினார்.
வெட்டுக்கு வெளியே இருந்த வளையங்களை
நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.
பத்தொன்பது.
பத்திரத்துக்கும் வயது பத்தொன்பது.

ஜோதம் ப்ரூயிட்
மனைவியையும் இரும்புச் சட்டியையும் வண்டியில் ஏற்றி
மேற்கே போனான்.
கதவைச் சாத்திவிட்டுத்தான் போனான்.

அந்த ஆகஸ்டிலேயே தேர்தல்.
கட்டையைச் சுமந்து ஊர் ஊராய்ப் போனோம்.
மரத்தைப் பேசவைத்த மனிதர் என்றார்கள்.
விஸ்கிப் பீப்பாய்க் கணக்கை நான் எழுதினேன்;
ஓட்டுக் கணக்கைவிட அது நீளம்.

சட்டமன்றத்தில் அவருக்கு நீலக் கோட்டு,
பித்தளைப் பொத்தான், கொஞ்சம் தொப்பை.
மேசையில் காகிதம் பறக்காதிருக்க அதே கட்டை.

மயாமி மக்களின் நிலத்தைக் கேட்டு
ஒரு மனு தயாரானது.
அவர்கள் தரப்பில் மொழிபெயர்க்க வந்தவள் பெலாஜி,
தகப்பன் பிரெஞ்சுக்காரன், தாய் மயாமி.
பேச்சு முடிந்து எல்லோரும் தொப்பி தேடும்போது
கட்டையைத் திருப்பி
வெட்டுக்கு உள்ளே விரல் வைத்தாள்.
எண்ணவில்லை.
வைத்தாள், எடுத்தாள், போனாள்.

கிராடக் அதைப் பார்த்தார்.
பேனாவில் மை இரண்டு முறை காய்ந்தது.
மூன்றாம் முறை கையெழுத்திட்டார்.
தாள் சுருளாதிருக்க
கட்டையை அதன்மேல் வைத்தார்.

அவர் செத்தபோது
எட்டு மாதச் சம்பள பாக்கிக்குப் பதில்
எனக்கு வந்தது அந்தக் கட்டை.
ஒரு ஜனவரி இரவு, விறகு தீரும் நேரம்,
உள்பக்க வளையங்களை எண்ண உட்கார்ந்தேன்.
மெழுகுவர்த்தி இரண்டு செலவு.
நூற்று நான்கு வரை வந்தேன்.
அதற்கு மேல் மரம் இல்லை.
தமக்குத் தேவையான ஆழம்தான்
வெட்டியிருந்தார்.