இரண்டு சென்டிமீட்டர்

என் தலையில் பிடுங்கிய ஒற்றை முடியைக்
கண்ணாடித் தகட்டில் படுக்க வைத்து
"சர்மீதே, இதோ உங்கள் போன வருடம்"
என்கிறான் வில்னிஸ்.
வெளியே ரீகா முழுக்கப் பனி.

மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டராம்.
வேர்ப்பக்கம் இன்று, நுனி போன டிசம்பர்.
எழுதியது தெரியாமலே ஒரு நாட்குறிப்பைத்
தினமும் சீவிக் கொண்டை போட்டிருக்கிறேன்.

வெளியே வந்த முடி நரைப்பதில்லை, அது செத்தது.
அடுத்த முடி முளைக்கும்போதுதான் விஷயம்.
மேலே காத்திருக்கும் மூலச்செல்கள்
வேரடிக்கு இறங்க வேண்டும், சாயம் காய்ச்ச ஆள் கொடுக்க.
மறுபடி ஏற வேண்டும், அடுத்த முறைக்கு.
வயது ஏற ஏற
நடுவழியில் நின்றுவிடுகின்றன.
"உங்கள் டிராம் மாதிரி" என்று சிரிக்கிறான்.

முப்பது வருடமாக ஓட்டுகிறேன்.
என் டிராம் நின்றால்
பின்னால் வரிசையாக மணியடிப்பார்கள்.
இங்கே யார் அடித்தார்கள்?

தங்கை சலூனில் காசு கொடுத்துப் பூசிக்கொள்ளும்
ஹைட்ரஜன் பெராக்சைடு
எனக்கு உள்ளேயே ஊறுகிறதாம்.
அதை உடைக்கும் நொதி
இப்போதெல்லாம் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை.
போகட்டும், காசு மிச்சம்.

"இதைப் பாருங்கள்."
நுனி பழுப்பு.
நடுவில் இரண்டு சென்டிமீட்டர் வெள்ளை.
அப்புறம் வேர்வரைக்கும்
மறுபடி பழுப்பு.
"ஏப்ரல், மே. என்ன நடந்தது?"

ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லைதான்.
சந்தை நிறுத்தத்தில், ஈரத் தண்டவாளத்தில்
ஒரு சைக்கிள் சறுக்கியது.
பையனுக்குக் கை மட்டும் முறிந்தது.
விசாரணை முடியும்வரை வீட்டிலிரு என்றார்கள்.
அறுபத்தொரு நாள்
சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து
என் வண்டியை வேறு யாரோ ஓட்டுவதைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.
வளைவில் வேகம் அதிகம், அவனுக்கு.

ஜூனில் கடிதம் வந்தது:
ஓட்டுநர்மேல் தவறில்லை.
நான் நம்பவில்லை, இன்றுவரைக்கும்.
இந்த மயிர்
நம்பியிருக்கிறது.

எல்லாம் இப்படித் திரும்பாது,
விளிம்பில் நின்ற ஒன்றிரண்டுதான் என்கிறான்,
ஆசை காட்டக் கூடாதென்று
படிவத்தில் எழுதியிருக்கிறதோ என்னவோ.

அந்த ஒன்றைத் தருவாயா என்று கேட்டேன்.
துண்டு துண்டாக நறுக்கிக்
கரைசலில் போட வேண்டுமாம்.
நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம்.

கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டேன்.
மூன்றரைக்கு ஷிப்ட்.
சந்தை வளைவில்
மெதுவாகப் போக வேண்டும்.