நிலை: அநாதை

லூலியோவில் போன ஜனவரி. அதிகாலை மூன்று.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
உள்ளே நாலாயிரம் சர்வர்கள் விடும் மூச்சின் வெக்கையில்
சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றிருந்தேன்.

ஏழாம் வரிசையில் ஒரு நெட்வொர்க் அட்டை
பத்தொன்பது நிமிடத்துக்கு ஒருமுறை
செத்துச் செத்துப் பிழைத்தது.
அதன் வழியாகத்தான்
யாரோ ஒருத்தி ரயில் டிக்கெட் வாங்குகிறாள்.
ஓர் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அனுப்புகிறது.
பாதியில் நின்ற ஏதோ ஒரு சண்டை
அடுத்த வசவுக்காகக் காத்திருக்கிறது.
அவர்கள் எவருக்கும்
லினக்ஸ் என்ற சொல் தேவைப்பட்டதில்லை.
எனக்கும்தான், இந்தச் சம்பளத்துக்கு வரும்வரை.

கர்னலைத் திறந்தேன்.
திறக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.
கோடிக்கணக்கான வரிகளில்
அந்த அட்டைக்கென்று எண்ணூறு.
உச்சியில் ஒரு பெயர்: எவாரிஸ்தோ மன்சில்யா.
எழுதினேன்.
காப்பி ஆறுவதற்குள் பதில் வந்தது:

"வால்திவியாவில் இரவு பதினொன்று. கோடையிலும் மழை.
நான் பல் மருத்துவன்.
பகலெல்லாம் வாயைத் திறங்கள், திறங்கள் என்கிறேன்.
நான் சொல்லாமலே திறந்து கிடப்பது
இது ஒன்றுதான்.
இரண்டு வரி மாற்றியிருக்கிறேன். போட்டுப் பாருங்கள்."

போட்டேன்.
பத்தொன்பதாம் நிமிடம் கடந்தது.
இருபது.
இருபத்தொன்றில் உட்கார்ந்தேன்.

நன்றி என்றேன்.
"நன்றி வேண்டாம். எத்தனை நாள் நிற்காமல் ஓடியது,
அதை மட்டும் எழுதுங்கள்."

நானூறு என்று எழுத
நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்றிரவு புதிய பதிப்பு இறங்கியது.
பராமரிப்போர் பட்டியலில்
அவர் பெயர் இருந்த இடத்தில் பெயர் இல்லை.
பக்கத்தில், நிலை: அநாதை.
இறந்தாரா, சலித்தாரா,
கைநடுக்கம் வந்து இரண்டு தொழிலையும்
ஒரே நாளில் கீழே வைத்தாரா,
பட்டியலுக்குக் காரணம் சொல்லும் பழக்கமில்லை.
அவருக்கு அனுப்பிய கடிதம்
முகவரி இல்லை என்று திரும்பி வந்தது,
அவர் எழுதிய அந்த எண்ணூறு வரியின் வழியாகவே.

ஏழாம் வரிசையின் பச்சை விளக்கு
அது பாட்டுக்குச் சிமிட்டுகிறது.
ரயில் டிக்கெட் போகிறது. எக்ஸ்ரே போகிறது.
அந்தச் சண்டை தீர்ந்ததா தெரியவில்லை.

ஐந்து மணிக்கு
வெறுமையாய்க் கிடந்த வரியில்
மாரெத் உத்ஸி என்று
என் பெயரை அடித்து அனுப்பினேன்.
கை கொஞ்சம் நடுங்கியது, குளிரென்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊரிலோ விழித்திருந்த யாரோ
உடனே திருப்பியனுப்பினார்:
"பெயருக்கு முன் இருக்க வேண்டியது டேப்.
எட்டு ஸ்பேஸ் அல்ல. திருத்தி அனுப்பவும்."

திருத்திக்கொண்டிருக்கிறேன்.