சலவைக்கடைச் சாவடி

கிரிம்ஸ்பியில் இந்தச் சலவைக்கடை
இன்று ஒருநாள் வாக்குச்சாவடி.
மதியத்துக்குள்
அழுக்குத் துணியோடு வந்தவர்கள் முப்பத்தொன்பது பேர்.
ஓட்டுப்போட, பதினொன்று.

போர்வை உலர்த்த வந்த பையன்
நூலில் கட்டிய பென்சிலைச் சுண்டிப் பார்த்தான்:
"இதையுமா திருடுவார்கள்?"
பட்டியலில் அவன் பெயர் இருந்தது.
இயந்திரம் நின்றது. மடித்தான். போய்விட்டான்.

ஒன்பதே முக்காலுக்கு
மீன் ஆலைத் தொப்பியோடு ஓடிவந்தாள் மார்னி ஸ்டாத்தர்ஸ்.
பக்கத்து வீடு. என் மகனுக்கு ஞானத்தாய்.
புகைப்பட அட்டை கேட்டேன்.
கேட்கத்தானே வேண்டும்.
"நான்தான், டில்டா" என்றாள்,
முகத்தைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்து.

சதவீதக் கணக்கில்
அவளும் பையனும் ஒரே பக்கம்:
வராதவர்கள்.

பத்து மணிக்கு முத்திரை.
வண்டிக்காரர் கைகொடுக்க வந்தார்.
வேண்டாமென்றேன்.
பெட்டி அப்படியொன்றும் கனக்கவில்லை.